கரையோரப் பாதை சமதரையல்ல

கடலோரமாகப் போகும் பாதை என்றால் அது சமதரையாகத்தான் இருக்கும் என்பது நம் நினைப்பு. புத்தளத்துப் பிள்ளைகளுக்கு அந்த நினைப்பு வருவதில் வியப்பில்லை. இங்கே களப்பு, உப்பளம், தென்னந்தோட்டம் எல்லாமே ஒரே மட்டத்தில் கிடக்கின்றன. எதிர்க்காற்று வீசினால் ஒழியச் சைக்கிள் மிதிப்பதில் சிரமமே இல்லை. ஆனால் துருக்கியின் தென்மேற்குக் கரையில் இந்த நினைப்புச் செல்லுபடியாகாது. அங்கே தோரஸ் மலைத்தொடரின் சுண்ணக்கல் மலைகள் நேரே மத்தியதரைக் கடலுக்குள் இறங்குகின்றன. மலைக்கும் கடலுக்கும் நடுவில் பாதை போட இடமே இல்லாத இடங்களில் பாறையை வெட்டித்தான் போட்டிருக்கிறார்கள். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அக்கரையின் பல ஊர்களுக்குப் படகே முக்கிய வழியாக இருந்தது.

நான் அங்கே போனதில்லை. உயர்தரத்தில் புவியியல் படிக்கிறேன். மாரியில் மழை, கோடையில் வறட்சி, ஒலிவ், திராட்சை, தோடை என்று மத்தியதரைக் காலநிலை நம் பாடக்குறிப்பில் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு பக்கம் போதாமல், சமவுயரக்கோட்டுப் படங்களையும் அவ்வழியே சைக்கிளில் போனவர்கள் எழுதியவற்றையும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இரண்டு வருடம் படித்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. சாமான் கட்டிய சைக்கிளில் கடலும் மலையும் கலந்த ஒரு நாட்டைக் கடப்பது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய காரியமல்ல. பெண்பிள்ளைகளுக்கு அது ஆகாது என்பதற்கு ஊரில் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பாதையில் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை முதல் ஏற்றத்தையே தாண்டவில்லை.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். பெத்ஹியே என்ற துறைமுக நகரிலிருந்து அந்தால்யா நகர் வரை கரையோரமாக ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பண்டைக் காலத்தில் லிகியா என்று பெயர் பெற்ற பகுதி இது. மேற்கே ஏஜியன் பக்கத்திலிருந்து கிழக்கே ஈரான் எல்லை வரை 2000 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் டி-400 நெடுஞ்சாலையின் ஒரு துண்டுதான் அது. கல்கான், காஷ், தெம்ரே, ஃபினிகே, கும்லுஜா என்று ஊர்கள் வரும். பஸ்ஸில் ஒரே நாளில் கடந்துவிடலாம். நிதானமாகப் போகும் சைக்கிள்காரருக்கு ஒரு வாரம் வேண்டும்.

ஒரு வாரம் ஏன் என்று கேட்பீர்கள். அங்குதான் நிலத்தோற்றம் தன் வேலையைக் காட்டுகிறது. மலையிலிருந்து வரும் ஆறு கடலில் விழும் இடத்தில் பாதை கடல் மட்டத்துக்கு இறங்கும். அடுத்த முனையைத் தாண்ட மறுபடி ஏறும். ஏறிய உயரத்தையெல்லாம் அடுத்த குடாவில் பறிகொடுத்துவிட்டு மீண்டும் பூச்சியத்தில் இருந்து தொடங்க வேண்டும். நூறு மீற்றர் உயரமான முனைகள் பத்தைத் தாண்டினால் ஆயிரம் மீற்றர் மலை ஒன்றை ஏறியதற்குச் சமம். ஆனால் மலையுச்சி எதையும் கண்டிருக்க மாட்டோம். காஷ் ஊரிலிருந்து கிழக்கே புறப்பட்டால் இன்னும் மோசம். சாலை கடலை விட்டு விலகி, சுமார் 500 மீற்றர் உயரத்துக்கு ஏறி, மேட்டுநிலத்தில் கொஞ்சத் தூரம் ஓடி, பிறகு கொண்டையூசி வளைவுகளில் தெம்ரேயின் தக்காளிப் பொலித்தீன் கூடாரங்களுக்கு இறங்குகிறது. அடுத்து வரும் ஃபினிகே வரையான துண்டு மட்டும் மலையடியைச் சுற்றிச் சுற்றிக் கடலை ஒட்டியே போகும். ஃபினிகே தோடம்பழத்துக்குப் பேர்போன ஊர்.

உள்நாட்டு மலைப்பாதை இதைவிடக் கடினம் என்று பலரும் பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ அதுதான் நேர்மையான பாதையாகத் தெரிகிறது. ஃபினிகேயிலிருந்து வடக்கே எல்மாலி என்ற ஊருக்கு ஒரு சாலை ஏறுகிறது. பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு, அரிகண்டா என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளைத் தாண்டி, ஆயிரம் மீற்றருக்கு மேல் கொண்டு போய் விடும். ஏறிய உயரத்தைத் திருப்பிக் கேட்பது குறைவு. எல்மாலி சுமார் 1100 மீற்றர் உயரத்தில், நம் பண்டாரவளையைவிடக் கொஞ்சம் தாழ்வாக, மலைகளுக்கு நடுவே ஒரு சமவெளியில் இருக்கிறது. துருக்கிய மொழியில் எல்மா என்றால் அப்பிள். அப்பிள் விளையும் ஊர் அது. கீழே தோடை, மேலே அப்பிள். ஒருநாள் சைக்கிள் பயணத்துக்குள் காலநிலை மாறிவிடுகிறது. ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்று வகுப்பில் மனனம் செய்தோமே, கரையில் 35 பாகையில் வெந்தவர் எல்மாலியில் 28 பாகையில் நிற்கும்போது அந்தக் கணக்கு அவர் தோலில் எழுதப்பட்டிருக்கும். சுற்றியுள்ள மலைகளில் சீதர் மரக் காடுகள் இருக்கின்றன. லெபனான் நாட்டுக் கொடியில் இருக்கும் அதே மரம்.

அந்த மலைகளில் மிக உயர்ந்த சிகரம் 3000 மீற்றரைத் தாண்டுகிறது. நம் பீதுருதாலகாலை 2524 மீற்றர்தான். சிகரத்தின் பெயர் கிஸ்லர் சிவ்ரிசி. கிஸ்லர் என்றால் பெண்பிள்ளைகள், சிவ்ரி என்றால் கூர்மை. பெண்பிள்ளைகளின் கூர்முனை என்று வைத்துக்கொள்ளலாம். தேசப்படத்தில் அந்தப் பெயரைக் கண்ட அன்று வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் காட்டினேன்.

இனி ஊர் சொல்லும் காரணங்களுக்கு வருவோம்.

பெண்பிள்ளைகளுக்கு அவ்வளவு பலம் இல்லை என்பது முதலாவது. இதை விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் என் தோழியிடம் கொடுத்தேன். அவள் கணக்குப் போட்டாள். ஐம்பது கிலோ எடையுள்ள பிள்ளை, பதினைந்து கிலோ சைக்கிள், பதினைந்து கிலோ சாமான். எண்பது கிலோவை ஆயிரம் மீற்றர் உயர்த்த வேண்டும். மனித உடல் தான் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே மிதிக்கும் வேலையாக மாற்றும் என்பதால், மொத்தம் சுமார் 750 கிலோகலோரி உணவு வேண்டும். கலியாண வீட்டுச் சஹனில் நம் பங்குக்கு வரும் சோறும் இறைச்சியும் அதற்குத் தாராளமாகப் போதும். அதைச் சாப்பிடும் பலம் நம்மில் யாருக்கு இல்லை?

மிச்சத்தை கியர் பார்த்துக்கொள்ளும். முன்னால் 26 பல், பின்னால் 34 பல் உள்ள பற்சில்லுகளில் சங்கிலி கிடந்தால், மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் ஒன்றரை மீற்றர் அளவே முன்னேறும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6 கிலோமீற்றர். விரைந்து நடப்பவரின் வேகம்தான். நூறு மீற்றருக்கு ஆறு மீற்றர் எழும் ஏற்றத்தில் இந்த வேகத்தில் போனால் ஒரு மணித்தியாலத்தில் 360 மீற்றர் உயரம் ஏறிவிடலாம். சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டால், இடையிடையே இளைப்பாறி, ளுஹருக்கு மேலே நிற்கலாம். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளலாம். தள்ளுவதை வெட்கமாக நினைப்பது பந்தயக்காரர்களின் பழக்கம். ஒரு நாளில் நூற்றைம்பது கிலோமீற்றர் போனேன் என்று எழுதுபவர்களின் குறிப்புகளில் ஊர்களின் பெயரைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மலைப்பாதைகளில் பெண்கள் நடந்தது நேற்று இன்று அல்ல. யொருக் என்றழைக்கப்படும் இடையர் மக்கள் மாரிகாலத்தில் கரையோரத்திலும் கோடையில் யய்லா எனப்படும் மேட்டுநிலப் புல்வெளிகளிலும் வாழ்ந்தவர்கள். அவர்கள் பெயரே நடத்தலைக் குறிக்கும் சொல்லில் இருந்து பிறந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை ஆடுகளோடும் ஒட்டகங்களோடும் குடும்பம் முழுவதும் மலையேறி இறங்கும். ஆட்டுமயிரில் கூடாரத் துணி நெய்தவர்களும் வழியில் கைக்குழந்தையைச் சுமந்தவர்களும் பெண்களே. இன்று பெரும்பாலானோர் ஊர்களில் நிலையாகிவிட்டார்கள். ஆனாலும் கோடை வந்தால் காஷ் ஊர்க் குடும்பங்கள் கோம்பே என்ற மேட்டூருக்கு ஏறும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பெண்களின் பேத்தியர் ஏறும் பாதையை நம்மால் ஏற முடியாது என்று எந்த உடற்கூற்று நூல் சொல்கிறது?

இரண்டாவது காரணம், பாதுகாப்பு. இதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். டி-400 இல் லொறிகள் ஓடுகின்றன. பாறையை ஒட்டிய சில இடங்களில் சைக்கிள் ஒதுங்கப் பாதையோரமே இல்லை. சுரங்கப் பாதைகளுக்குள் பின்விளக்கு இல்லாமல் போவது உயிரோடு விளையாடுவது. மேட்டுநிலங்களில் மந்தை காக்கும் பெரிய நாய்கள் துரத்தும். அப்போது வேகமாக மிதிக்கக் கூடாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள். கோடையில் காடு தீப்பிடிக்கும். 2021 ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மானவ்காத், மர்மாரிஸ் பகுதிகளில் எரிந்த காடுகளின் படங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆகவே போக ஏற்ற காலம் சித்திரை, வைகாசி அல்லது புரட்டாதி, ஐப்பசி. ஆனால் கவனியுங்கள், நான் சொன்ன இந்த ஆபத்துகள் அனைத்தும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. பெண்ணுக்கென்று தனியாக இருக்கும் ஆபத்து மனிதரால் வருவது. அதற்காகத்தான் கூட்டமாகப் போவதும் வீட்டு ஆண் ஒருவர் உடன் வருவதும். தனியே அனுப்புங்கள் என்று இந்தக் கட்டுரையில் எங்கும் கேட்கவில்லை.

துணை கிடைத்தாலும் தண்ணீருக்கு என்ன செய்வது என்று கேட்ட மாமி ஒருவருக்கு இந்தத் தகவல் பிடித்துப்போனது. அந்த மலைச்சாலைகளின் ஓரத்தில் அடிக்கடி கல்லால் கட்டிய நீர்த்தாரைகள் வரும். செஷ்மே என்பார்கள். மௌத்தான தாய்க்கோ தகப்பனுக்கோ நன்மை சேர வேண்டும் என்று பிள்ளைகள் கட்டியவை பல. நாம் கிணறு கட்டிக் கொடுக்கிறோமே, அதே சதகத்துல் ஜாரியாதான். முன்பின் அறியாத ஒருவரின் உம்மாவுக்காகக் கட்டிய தண்ணீரைக் குடித்து, அவருக்காக ஒரு துஆ கேட்டுவிட்டு அடுத்த வளைவுக்கு ஏறுவது! கார்க்காரர் அதைத் தவறவிடுகிறார், பாவம்.

மூன்றாவது உடை. பேணுதலான உடையோடு சைக்கிள் ஓட்ட முடியாது என்கிறார்கள். ஃபெனி புலொக் வேர்க்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கணவரோடு அல்ஜீரியாவின் மத்தியதரைக் கரையிலும் மலைகளிலும், பிறகு ஸ்பெயினிலும் சைக்கிளில் பயணம் செய்தார். கால் மறைக்கும் நீளப் பாவாடையோடு! அதன்பின் இந்தியா, இலங்கை, பர்மா, ஜாவா என்று நீண்ட ஆசியப் பயணம். தான் கண்ட ஊர்மக்களைப் பற்றி அவர் தாழ்வாக எழுதியவை எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் பாவாடைக்கு அவரே சாட்சி. சங்கிலிக்கு மூடியும் பின்சில்லுக்கு வலையும் போட்ட சைக்கிள்கள் அந்தக் காலத்திலேயே பெண்களுக்கென்று செய்யப்பட்டன. துருக்கியிலேயே 2013 இல் இஸ்மிர் நகரப் பெண்கள் சிலர் அழகாக உடுத்துக்கொண்டு சைக்கிளில் உலா வரும் ஒரு நாளைத் தொடங்கினார்கள். அது இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. முக்காடு போட்டவரும் போடாதவரும் பக்கம் பக்கமாக மிதிக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால் உடை ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

நான்காவது, நம் ஆட்களுக்கு இது பழக்கமில்லை என்பது. எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். நம் முன்னோரில் இப்னு பதூதாவைவிடப் பெரிய பயணி யார்? 1330 களின் தொடக்கத்தில் அவர் கப்பலில் வந்து இறங்கியது இதே கரையில், அலான்யாவில். அங்கிருந்து அந்தால்யா; பிறகு வடக்கே மலையேறிப் புர்துர், எயிர்திர் என்று ஏரிகளின் நாட்டுக்குப் போனார். அந்தால்யாவில் பழைய உடுப்பணிந்த ஒருவர் அவரை விருந்துக்கு அழைத்தாராம். ஏழைக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதே என்று தயங்கியபோதுதான், அவர் ‘அகீ’ எனப்படும் சகோதரத்துவக் கூட்டமொன்றின் தலைவர், கைத்தொழில் செய்பவர்கள் பலர் சேர்ந்து வழிப்போக்கரை உபசரிப்பதையே கடமையாகக் கொண்டவர்கள் என்று தெரியவந்தது. எங்கு தங்கினாலும் அயல்வீட்டு ஆண்களும் பெண்களும் வந்து சுகம் விசாரித்ததையும், புறப்படும்போது சொந்தக்காரர் போல் அழுது வழியனுப்பியதையும் பதிந்து வைத்திருக்கிறார். அதே மனிதர்தான் 1344 இல் நம் புத்தளக் கரையில் இறங்கி, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பாவா ஆதம் மலை ஏறியவர். பிரயாணிக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகையைத் தந்த மார்க்கம் நம்முடையது. ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் போட்டி ஓடியதை நாமெல்லோரும் மத்ரஸாவிலேயே கேட்டிருக்கிறோம்.

பழக்கமில்லை என்பது சரித்திரப்படியும் பிழை. என் பெரியும்மா யாழ்ப்பாணத்தில் பாடசாலைக்குச் சைக்கிளில் போனவர். அங்கே ஆசிரியைகளும் வயதான அம்மாமாரும் கூடச் சைக்கிளில் போவது இன்றும் சாதாரண காட்சி. 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பெரியும்மாவுக்குப் பதினைந்து வயது. சைக்கிள் முற்றத்துச் சுவரில் சாய்த்தபடி நின்றது. புத்தளத்துக்கு வந்தபின் அவர் சைக்கிள் ஓட்டவில்லை. முகாமில் அதற்கு வசதியும் இல்லை. பிறகு வசதி வந்தபோது, வயதுக்கு வந்த பிள்ளைக்கு எதற்கு என்றார்கள். வீட்டையும் காணியையும் இழந்ததைப் பற்றி எங்கள் வீட்டில் ஆயிரம் தடவை பேசியிருக்கிறோம். சைக்கிளைப் பற்றி நான் கேட்டபோதுதான் பெரியும்மா முதல் தடவையாகப் பேசினார்.

அதனால்தானோ என்னவோ, பெத்ஹியேக்கு அருகே உள்ள காயாகோய் என்ற ஊரில் எனக்குத் தனி அக்கறை. பெருஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது தெரியாது. பைன் மரக்காட்டுக்குள்ளே செங்குத்தாக ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். மலைச்சரிவு முழுவதும் கூரையில்லாத கல்வீடுகள், நூற்றுக்கணக்கில். கிரேக்கக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ஊர் அது. 1923 ஆம் ஆண்டின் மக்கள் பரிமாற்றத்தோடு துருக்கியின் கிரேக்கர் கிரேக்கத்துக்கும் கிரேக்கத்தின் முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டார்கள். இரு பக்கமும் அழுதுகொண்டே போயிருப்பார்கள். அந்த ஏற்றத்தை மிதித்து, மூச்சு வாங்க, அந்த வீடுகளின் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. பஸ்ஸில் போய் இறங்கினால் அது வெறும் காட்சியாகிவிடும் என்று எனக்குப் படுகிறது.

பதின்மூன்று வயதில் என் சைக்கிள் தம்பிக்குப் போனது. இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. இந்தச் சஞ்சிகையைக் கையில் வைத்திருக்கும் உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் தெரியும். உங்களிடம் நான் கேட்பது விமானச் சீட்டு அல்ல. பிள்ளை வயதுக்கு வந்ததும் சைக்கிளைப் பறித்துக்கொள்ளாதீர்கள். கடைக்கும் வகுப்புக்கும் அவள் அதில் போகட்டும். சனிக்கிழமைகளில் நாலைந்து பேராக, வாப்பாவோ நானாவோ கூட வர, கற்பிட்டிப் பக்கம் போய்வரட்டும். டயர் ஒட்டு போடவும் சங்கிலி மாட்டவும் கற்கட்டும். பதின்மூன்றில் சைக்கிளை விட்டவளால் இருபத்தைந்தில் எந்த மலையும் ஏற முடியாது. ஏற ஆசைப்படவும் தெரியாது. ஊர் என்ன சொல்லும் என்றால், நாலு பிள்ளைகள் ஒன்றாகப் போகத் தொடங்கினால் ஊர் இரண்டு மாதம் பேசும். மூன்றாம் மாதம் வேறு விஷயம் கிடைத்துவிடும்.

நாங்கள் மூன்று தோழியர் சேர்ந்து ஒரு கொப்பியில் பயணத் திட்டம் எழுதியிருக்கிறோம். பரீட்சை, பல்கலைக்கழகம், உழைப்பு எல்லாம் முடிந்த பிறகு, ஒருத்தியின் நானாவும் வருவதாக வாக்களித்திருக்கிறார். நாளுக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல் இல்லை. பெத்ஹியேயில் முதல் நாள் காயாகோய். காஷில் ஒரு நாள் ஓய்வு. ஃபினிகேயிலிருந்து எல்மாலிக்கு ஏறுவதற்கு இரண்டு நாள். அதற்குமேல்தான் சண்டை. எல்மாலியிலிருந்து மேட்டுநிலம் வழியாகவே கோர்குதேலி போய் அந்தால்யாவுக்கு இறங்கலாம் என்பது என் கட்சி. மற்ற இருவரும் ஃபினிகேக்கே திரும்பி இறங்கிக் கரையோரமாகப் போக வேண்டும் என்கிறார்கள். ஒலிம்போஸ் அருகே மலைப்பாறை இடுக்குகளில் இயற்கை வாயு இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும் இடத்தைப் பார்க்காமல் வரமாட்டார்களாம். நானாவிடம் கேட்டோம். எந்தப் பக்கம் ஏற்றம் குறைவோ அந்தப் பக்கம் என்கிறார்.